யார்க் முதல் ஷெட்லாந்து வரை: காலத்துக்குப் பெயரிடும் வழித்தடம்

இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யார்க் நகரிலிருந்து நியூகாசில், எடின்பரோ, அபர்டீன் வழியாகத் தொடர்வண்டியிலும், அபர்டீனிலிருந்து கப்பலில் ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளுக்குமாகச் செல்லும் வழி, கோட்டைகளையும் தேவாலயங்களையும் காண விரும்புவோர் வழக்கமாக மேற்கொள்வதுதான் என்றாலும், அந்தந்த நாட்டின் தொல்லியல் பதிவேடுகளைக் கையில் வைத்துக்கொண்டு செல்பவருக்கு அது வேறொரு சிக்கலை ஊருக்கு ஊர் எடுத்துக்காட்டுகிறது. பொது ஆண்டு 150 என்னும் ஒரே ஆண்டு, யார்க்கில் ரோமானியர் காலமாகவும், ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் அருகே கோட்டை மதிலுக்கு உள்ளே ரோமானியர் காலமாகவும் வெளியே இரும்புக்காலமாகவும், ஆர்க்னியில் இரும்புக்காலமாக மட்டுமே பதிவாகியிருக்கிறது. இவற்றில் எதுவும் பிழையில்லை. ஆனால் மூன்றையும் ஒரே கணினித் தேடலில் கொண்டுவர முயலும்போது, காலப்பிரிவு என்பது நாட்காட்டியின் ஒரு துண்டா, அந்த மண்ணில் வாழ்ந்தோரின் வாழ்க்கை முறையா, அல்லது அப்போது ஆண்டவரின் பெயரா என்னும் கேள்வி எழாமல் இருப்பதில்லை.

பாரம்பரியப் பதிவேடு என்று இங்கே குறிப்பிடப்படுவது, ஒரு நிலப்பகுதியில் அறியப்பட்ட கட்டடம், இடிபாடு, புதைகுழி, கண்டெடுத்த பொருள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இடம், வகை, காலம் ஆகியவற்றைக் குறித்துவைக்கும் ஆவணத் தொகுப்பாகும். வீடு கட்டவும் சாலை போடவும் அனுமதி கேட்டு வருவோருக்கு அந்த நிலத்தின் அடியில் என்ன இருக்கக்கூடும் என்று சொல்லவேண்டிய கடமை அதற்கு உண்டு என்பதால், அதில் எழுதப்படும் காலப்பெயர் அறிஞர்களின் விவாதத்தோடு நின்றுவிடாமல் அன்றாட நிர்வாகத்திலும் கலந்துவிடுகிறது. இங்கிலாந்தில் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு பேணும் காலப்பட்டியல், புதிய கற்காலத்தைப் பொது ஆண்டுக்கு முன் (பொ.ஆ.மு.) 4000 முதல் 2200 வரை என்றும், வெண்கலக் காலத்தைப் பொ.ஆ.மு. 2600 முதல் 700 வரை என்றும், இரும்புக்காலத்தைப் பொ.ஆ.மு. 800 முதல் பொ.ஆ. 43 வரை என்றும் வகுக்கிறது. முதல் இரண்டும் நானூறு ஆண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று படிவதும், அடுத்த இரண்டும் நூறு ஆண்டுகள் படிவதும் தற்செயலானவை அல்ல. உலோகம் ஒரே நாளில் எல்லா ஊருக்கும் வந்துசேரவில்லை என்பதைப் பட்டியலே ஒப்புக்கொள்ளும் இடங்கள் அவை. வியப்புக்குரியது என்னவென்றால், பட்டியல் வரலாற்றுக் காலத்துக்குள் நுழைந்ததும் இந்தப் பணிவு மறைந்துவிடுகிறது: ரோமானியர் காலம் 43 முதல் 410 வரை, முன் இடைக்காலம் 410 முதல் 1066 வரை, இடைக்காலம் 1066 முதல் 1540 வரை, பின் இடைக்காலம் 1540 முதல் 1901 வரை என்று, ஒன்றின் கதவு மூடிய கணத்தில் மற்றதன் கதவு திறப்பதுபோல் எல்லைகள் கூர்மையாகின்றன.

அந்தக் கூர்மையின் விலை யார்க்கிலேயே தெரிந்துவிடுகிறது. 43ஆம் ஆண்டு என்பது பேரரசர் கிளாடியஸின் படை தென்கிழக்குக் கடற்கரையில் இறங்கிய ஆண்டு. யார்க் இருக்கும் நிலமோ அப்போது பிரிகான்டியர் என்னும் மக்களின் ஆட்சிப் பரப்பை ஒட்டியிருந்தது. ரோமானியப் படை அங்கே எபோராகம் என்னும் பாசறையை அமைத்தது 71ஆம் ஆண்டளவில்தான். ஆக, ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகளாக வட்டக் குடிசைகளில் முன்போலவே வாழ்ந்து, முன்போலவே இறந்தோரைப் புதைத்த மக்கள், பட்டியலை அப்படியே பின்பற்றினால் ரோமானியர் காலத்தவர் ஆகிவிடுகின்றனர். தலைநகரை ஒட்டிய தெற்கின் ஆண்டு வடக்கின் மேல் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதே இதன் பொருள்.

எல்லோரையும் உள்ளடக்கும் காலப்பெயர்கள் வேண்டும் என்ற கோரிக்கை, ஆங்கிலம் பேசும் ஆய்வுலகில் பெரும்பாலும் பெயரைச் சுற்றியே எழுந்திருக்கிறது. ரோமானியர் விலகியபின் வந்த நூற்றாண்டுகளை இருண்ட காலம் என்று அழைப்பதை ஆய்வாளர்கள் எப்போதோ கைவிட்டுவிட்டனர்; சான்று குறைவாக இருப்பது ஆய்வாளரின் குறையே தவிர அக்காலத்தவரின் குறையில்லை என்பது அவர்கள் வாதம். அதே நூற்றாண்டுகளைக் குறித்துவந்த ஆங்கிலோ-சாக்சன் என்னும் அடைமொழி இனவெறிக் குழுக்களால் வெள்ளை இனப் பெருமைக்குக் கொடியாக்கப்பட்ட நிலையில், அத்துறை அறிஞர்களின் பன்னாட்டுச் சங்கம் 2019இல் தன் பெயரிலிருந்தே அதை நீக்க வாக்களித்து, பிறகு முன் இடைக்கால இங்கிலாந்தை ஆயும் சங்கமாகப் பெயர் மாறியது. இம்மாற்றத்தை எதிர்த்தவர்களும் உண்டு. மட்பாண்டத்தையும் அணிகலனையும் வகைப்படுத்தப் பல தலைமுறைகளாகப் பயன்பட்டுவந்த சொல்லை அரசியல் காரணத்துக்காக விடுவதா என்று அவர்கள் கேட்டனர்.

இரு தரப்பும் தொடாமல் விட்டது எல்லை ஆண்டுகளை. முன் இடைக்காலம் என்ற புதிய பெயரும் அதே 410இல் தொடங்கி அதே 1066இல் முடிகிறது. யார்க்கை 866இல் டேனியர் கைப்பற்றி யோர்விக் என்று அழைத்து, 954இல் எரிக் என்னும் கடைசி ஸ்காண்டிநேவிய மன்னன் விரட்டப்படும் வரை பெரிதும் தங்கள் பிடியிலேயே வைத்திருந்ததும், 1976 முதல் 1981 வரை காப்பர்கேட் தெருவில் நடந்த அகழாய்வில் அவர்களின் மரச்சுவர் வீடுகளும் தோல் செருப்புகளும் ஈர மண்ணில் அழியாமல் கிடைத்ததும் இந்த ஒற்றைப் பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன. 1066 என்பதோ நார்மன் படையெடுப்பின் ஆண்டு. மன்னன் மாறினான், நிலக்கிழார்கள் மாறினார்கள், உழுதவனின் ஏர் மாறவில்லை. அதுபோலவே 1540 என்பது எட்டாம் ஹென்றி துறவி மடங்களைக் கலைத்து முடித்த ஆண்டு. யார்க்கின் செயின்ட் மேரி மடத்தின் இடிந்த வளைவுகளைப் பார்ப்பவருக்கு அது நியாயமான எல்லையாகத் தோன்றும்; மடத்தின் நிலத்தில் குத்தகைக்கு உழுதவனுக்கு எசமானன் மாறிய ஆண்டாக மட்டுமே தோன்றியிருக்கும். பெயரில் மட்டும் திருத்தம் செய்து எல்லையைத் தொடாமல் விடுவது பாதி வேலை என்பதை இவ்வழித்தடம் மீண்டும் மீண்டும் காட்டுகிறது.

நியூகாசிலுக்குக் கிழக்கே, டைன் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் சவுத் ஷீல்ட்ஸ் என்னும் ஊரில் உள்ள ரோமானியக் கோட்டை அருங்காட்சியகத்தில் ஒரு கல்லறைக் கல் இருக்கிறது. மாடத்துக்குள் அமர்ந்த பெண்ணொருத்தி பிரம்பு நாற்காலியில் வீற்றிருக்க, மடியில் நூற்கும் தக்களியும், ஒருபுறம் நகைப் பெட்டியும், மறுபுறம் கம்பளி நூலுருண்டைகள் நிறைந்த கூடையும் செதுக்கப்பட்டுள்ளன, முகம் சிதைந்துவிட்டது. ரெஜினா என்னும் அப்பெண் தென் இங்கிலாந்தின் காட்டுவெல்லானியர் குடியில் பிறந்து, அடிமையாகி, விடுதலை பெற்று, தன்னை விடுவித்த பாராதேஸ் என்பவரையே மணந்தவள். பாராதேஸ் சிரியாவின் பால்மைராவைச் சேர்ந்தவர். ஆகவே கல்லில் மேலே இலத்தீனும் அதன் கீழே பால்மைரா அரமேய எழுத்தில் ஒரு வரியும் பொறிக்கப்பட்டுள்ளன. இலத்தீன் பகுதியில் பிழையும் தடுமாற்றமும் தென்பட, அரமேய வரி பழகிய கையின் ஒழுக்கோடு ஓடுகிறது. ரோமானியர் காலம் என்னும் தலைப்பில் பதிவான இக்கல்லில் ரோமாபுரிக்காரர் ஒருவரும் இல்லை. இருந்தும் அந்தப் பெயரை நீக்கவேண்டும் என்று எவரும் கொடி பிடிக்கவில்லை. பேரரசின் பெயர் மிகப் பழையதாகிவிட்டால் அது புண்படுத்தும் வலிமையை இழந்துவிடுகிறது போலும். இங்கே வேண்டியது பெயர் மாற்றமில்லை. ஆண்டைக் குறிக்கும் கட்டத்தில் இரண்டாம் நூற்றாண்டு என்றும், பண்பாட்டைக் குறிக்கும் கட்டத்தில் ரோமானியம், பால்மைரா, பிரித்தானியம் ஆகிய மூன்றும் என்றும் எழுத இடம் தரும் பதிவேடே வேண்டியது.

எடின்பரோவில் இந்தச் சிக்கலின் வேர்களில் ஒன்று இருக்கிறது. டென்மார்க்கின் கிறிஸ்டியன் தாம்சன் கோபன்ஹேகன் அருங்காட்சியகப் பொருள்களைக் கல், வெண்கலம், இரும்பு என்று மூன்றாகப் பிரித்து அடுக்கி, அம்முறையை 1836இல் நூலாக வெளியிட்டார். ஸ்காட்லாந்துத் தொல்பொருள் சங்கத்தின் சேகரிப்பை அதே முறையில் ஒழுங்குபடுத்திய டேனியல் வில்சன், 1851இல் ஸ்காட்லாந்தின் தொல்லியல் குறித்து எழுதிய நூலின் வழியாக, எழுத்துச் சான்றுக்கு முற்பட்ட காலத்தைக் குறிக்கும் வரலாற்றுக்கு முந்தைய காலம் என்னும் சொல்லை ஆங்கிலத்தில் நிலைநிறுத்தினார். இலத்தீன் நூல்களில் இடம்பெறாத தம் நாட்டு மக்களுக்கும் பொருள்களின் வழியே ஒரு கடந்தகாலம் உண்டு என்று காட்டுவதே அவர் நோக்கம் என்பதால், அது அன்று உள்ளடக்கும் சொல்லாகவே பிறந்தது. ஆனால் அதே சொல் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் நியூசிலாந்துக்கும் போனபோது, ஐரோப்பியர் வந்திறங்கிய நாள் வரை அந்நிலங்களின் மக்களுக்கு வரலாறே இல்லை என்ற பொருளைத் தந்தது. வாய்மொழியாகத் தம் வரலாற்றைக் காத்துவந்த மக்கள் அதை எதிர்த்தனர். தொடர்புக்கு முந்தைய காலம் என்று மாற்றியும் குறை தீரவில்லை, ஏனெனில் பல்லாயிரம் ஆண்டுகளின் முடிவுப் புள்ளியாக அங்கும் ஐரோப்பியக் கப்பலே நிற்கிறது.

எடின்பரோவுக்கு மேற்கே ஃபால்கர்க் அருகில் ரஃப் காசில் கோட்டையைக் கடந்து செல்லும், ரோமானியர் கட்டிய அன்டோனைன் சுவர், தெற்கே அவர்கள் கட்டிய ஹேட்ரியன் சுவர்போல் கல்லால் எழுப்பப்பட்டதன்று. கல் அடித்தளத்தின்மேல் புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கி, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளத்துக்கு 142ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்டு, ஒரு தலைமுறைக்குள் கைவிடப்பட்டது. இவ்வளவு குறுகிய தங்கலுக்காக நாடு முழுவதையும் ரோமானியர் காலத்தில் சேர்க்க ஸ்காட்லாந்துத் தொல்லியலாளர் உடன்படவில்லை. அவர்களின் வழக்கில் இரும்புக்காலம் பொ.ஆ. 400 வரை நீள்கிறது. ரோமானியம் என்பது பாசறைக்கும் சாலைக்கும் உரிய அடையாளமாக அதற்குள்ளேயே அடங்குகிறது. ஒரே ஆண்டுக்கு இரண்டு பெயர்கள் பக்கத்துப் பக்கத்து வயல்களில் நிலவுவதை ஏற்றுக்கொண்ட இந்த முறை, இங்கிலாந்தின் முறையைவிட முதிர்ச்சியானது என்றே சொல்லவேண்டும்.

டண்டீயைத் தாண்டி ஆங்கஸ் மாவட்டத்தின் உழுநிலங்களுக்கிடையே அபர்லெம்னோ என்னும் சிற்றூரில் பிக்டியர் செதுக்கிய கற்கள் நிற்கின்றன. குளிர்காலத்தில் சாலையோரக் கற்களை மரப்பெட்டியால் மூடிப் பாதுகாப்பதால், காலம் தவறி வருபவர் பெட்டிகளை மட்டுமே பார்த்துத் திரும்ப நேரும். தேவாலய முற்றத்தில் உள்ள கல்லின் ஒருபுறம் சிலுவையும், மறுபுறம் குதிரை வீரரும் காலாட்படையினரும் மோதும் போர்க்களமும் உள்ளன. கீழ் மூலையில் வீழ்ந்துகிடக்கும் வீரனின் முகத்தைப் பறவையொன்று கொத்துகிறது. பிக்டியர் என்பது 297ஆம் ஆண்டு இலத்தீன் உரையொன்றில் முதன்முதலாகக் காணப்படும், அயலார் இட்ட பெயர். தங்களைத் தாங்களே என்னவென்று அழைத்துக்கொண்டனர் என்பதற்கு அவர்களின் குறியீட்டுக் கற்கள் விடை தராததால் அப்பெயரே நிலைத்துவிட்டது.

அதே மாவட்டத்தின் வட எல்லையில், நார்த் எஸ்க் ஆற்றங்கரையிலுள்ள நார்த்வாட்டர் பிரிட்ஜ் என்னும் இடத்தில், 1773இல் செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ஜேம்ஸ் மில். தமிழ் வாசகருக்கு இவ்வழித்தடத்தில் நெருங்கிய தொடர்புடைய ஊர் இதுவே. இந்தியாவுக்கு ஒருமுறையும் வராமலும் இந்திய மொழி ஒன்றையும் கல்லாமலும் அவர் எழுதி 1817இல் வெளியிட்ட பிரிட்டிஷ் இந்திய வரலாறு, இந்தியாவின் கடந்தகாலத்தை இந்துக்களுடையது, முகம்மதியருடையது, பிரிட்டிஷாருடையது என்று மூன்றாக வகுத்தது. முதல் இரண்டுக்கும் சமயத்தின் பெயரும் மூன்றாவதுக்கு மட்டும் நாட்டின் பெயரும் வாய்த்ததை வரலாற்றாசிரியர்கள் பிற்காலத்தில் கடுமையாக விமர்சித்தனர். பின்னர் பாடநூல்கள் இப்பெயர்களைக் கைவிட்டுப் பண்டைக்காலம், இடைக்காலம், நவீன காலம் என்ற பெயர்களை ஏற்றன. ஆனால் இடைக்காலம் பெரும்பாலும் தில்லியில் சுல்தான்கள் ஆட்சி அமைத்ததையொட்டியும் நவீன காலம் கிழக்கிந்தியக் கம்பெனியின் வெற்றியையொட்டியும் தொடங்கியதால், மில்லின் கோடுகள் புதிய மையால் மீண்டும் வரையப்பட்டன என்றே கொள்ளவேண்டும். சோழர் ஆட்சி உச்சத்தில் இருந்த தமிழகத்துக்கோ பிறகு விஜயநகரமும் நாயக்கரும் ஆண்ட தமிழகத்துக்கோ தில்லியின் ஆண்டு எதையும் சொல்வதில்லை. பிரிகான்டியருக்கு 43ஆம் ஆண்டு சொன்னது எவ்வளவோ அவ்வளவே.

களப்பிரர் காலம் இருண்ட காலம் எனப்பட்டதையும் இங்கேயே நினைக்கவேண்டியிருக்கிறது. சங்க காலத்துக்கும் பாண்டிய, பல்லவ எழுச்சிக்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளுக்கு அப்பெயர் வர உதவிய முக்கியச் சான்றுகளுள் ஒன்று வேள்விக்குடிச் செப்பேடு; களப்பிரர் பறித்ததாகச் சொல்லப்படும் பிராமணக் கொடை நிலத்தைத் திருப்பித் தந்த பாண்டியனின் எட்டாம் நூற்றாண்டு ஆவணம் அது. தோற்றவரைப் பற்றி வென்றவர் தரப்பு எழுதியதை வைத்து ஒரு காலத்துக்கே விளக்கணைத்தாயிற்று. சிவகங்கை மாவட்டம் பூலாங்குறிச்சிப் பாறைக் கல்வெட்டுகள் வெளிவந்தபின், நில உரிமைகளை ஒழுங்காகப் பதிந்துவைத்த ஆட்சியொன்று அக்காலத்தில் நடந்ததை மறுக்க இடமில்லாமல் போனது. கி.மு., கி.பி. என்பவற்றுக்குப் பதிலாகப் பொ.ஆ.மு., பொ.ஆ. என்று எழுதும் இன்றைய தமிழ்த் தொல்லியல் வழக்கும் இதே வகைப்பட்டது. சமயச் சார்பு நீங்கிய பெயர் வந்திருக்கிறது, எண்ணத் தொடங்கும் ஆண்டு மட்டும் இயேசுவின் பிறப்பாகக் கருதப்பட்ட அதே ஆண்டாக இருக்கிறது. அதில் குற்றமில்லை, உலகத்தோடு ஒத்துப் போக ஏதாவதொரு தொடக்கம் வேண்டும். ஆனால் சார்பு முழுவதும் நீங்கிவிட்டதாக எண்ணிக்கொள்வதில் பயனில்லை.

அபர்டீனிலிருந்து கப்பல் அடையும் ஆர்க்னியில், இங்கிலாந்தின் 1066 முற்றிலும் பொருளிழக்கிறது. அத்தீவுகள் நார்வே அரசுக்கு உட்பட்ட பிரபுக்களால் ஆளப்பட்டு, 1468இல் டென்மார்க்-நார்வே மன்னன் முதலாம் கிறிஸ்டியன் தன் மகளின் சீதனத்துக்கு ஈடாக அடகு வைத்தபோதுதான் ஸ்காட்லாந்தின் கைக்கு வந்தன. ஷெட்லாந்து அடுத்த ஆண்டு தொடர்ந்தது. ஆகவே 1137இல் தொடங்கப்பட்ட கர்க்வால் நகரின் செயின்ட் மேக்னஸ் பேராலயம், ஸ்காட்லாந்தின் பொது வழக்கில் இடைக்காலத்தது, தீவின் வழக்கில் நார்வேயினர் ஆண்ட நார்ஸ் காலத்தது. மேஸ்ஹௌ கல்லறையோ இன்னும் சிக்கலானது. பொ.ஆ.மு. 2800ஐ ஒட்டிக் கட்டப்பட்ட அந்தப் புதிய கற்கால அறைக்குள், பன்னிரண்டாம் நூற்றாண்டில் நுழைந்த நார்ஸ் மொழியினர் முப்பதுக்கும் மேற்பட்ட ரூனிக் எழுத்துப் பொறிப்புகளைச் சுவர்களில் கீறிச் சென்றுள்ளனர். புதையல் பற்றிய பேச்சும், அழகிகளைப் பற்றிய புகழ்ச்சியும், தன் கைத்திறனைப் பற்றிய தம்பட்டமும் அவற்றில் உண்டு. ஒரு நினைவுச்சின்னத்துக்கு ஒரே காலம் என்னும் பதிவுமுறை இருந்தால் இவற்றில் ஏதோ ஒன்று கிறுக்கலாகிவிடும்.

இத்தகைய இடங்களுக்கு ஏற்ற கருவிகள் இப்போது இல்லாமலில்லை. அருங்காட்சியகத் தகவலுக்கென வகுக்கப்பட்டுப் பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்ட சிடாக் சிஆர்எம் என்னும் கருத்துச் சட்டகம், காலப்பிரிவை ஓரிடத்தில் ஒன்றோடொன்று தொடர்புற்று நடந்தவற்றின் தொகுதியாகவும், கால அளவை வெறும் தொடக்க-முடிவு எண்களாகவும் தனித்தனியே வைக்கிறது. பீரியடோ என்னும் திறந்த தொகுப்பு இன்னும் ஒரு படி சென்று, இன்ன ஆய்வாளர் இன்ன நூலில் இன்ன நிலப்பரப்புக்கு இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை இப்பெயரை இட்டார் என்று ஒவ்வொரு வரையறைக்கும் நிலையான முகவரி தந்து சேர்த்துவைக்கிறது. எது சரி என்று தீர்ப்புச் சொல்வதில்லை. உடன்பாடு என்பதற்கு எல்லோரும் ஒரே பெயரை ஏற்பது என்று பொருள் கொள்ளாமல், ஒவ்வொருவரும் தம் பெயருக்குரிய இடத்தையும் ஆண்டையும் வெளிப்படையாக எழுதுவது என்று பொருள் கொண்டதே இதன் சிறப்பு.

வழித்தடத்தின் வட கோடியில், ஷெட்லாந்தின் சம்பரோ முனைக்கு அருகே யார்ல்ஷாஃப் உள்ளது. நார்ஸ் பிரபுவின் மாளிகை என்று தோன்றும் இப்பெயர், வால்டர் ஸ்காட் 1822இல் தம் நாவலுக்காகப் புனைந்தது. அவர் கண்டதோ 1600ஐ ஒட்டிய ஸ்காட்டியக் கோமான் வீட்டின் இடிபாட்டை மட்டுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புயல்கள் கரையை அரித்தபின் நடந்த அகழாய்வுகளில் வெண்கலக் கால வீடுகளும், புராக் எனப்படும் இரும்புக்கால வட்டக் கற்கோபுரமும், சக்கரத்தின் ஆரங்கள்போல் உட்சுவர்கள் அமைந்த வீடுகளும், அவற்றுக்கப்பால் மெய்யாகவே நார்ஸ் மக்களின் நீள்வீடுகளும் வெளிப்பட்டன. நார்வேயின் முறையில் வைக்கிங் காலமே இரும்புக்காலத்தின் கடைசிப் பகுதி என்பதால், இவற்றுள் பழைய நீள்வீடு கடலுக்கு அப்பால் இருந்திருந்தால் இரும்புக்கால வீடாகியிருக்கும். புதிதாக எழுதப்படும் பதிவில் இவையனைத்தையும் இடம், ஆண்டு, பண்பாடு என்று பிரித்து எழுதிவிடலாம். தீராத வேலை பழைய பதிவு அட்டைகளில்தான் இருக்கிறது: காலம் என்ற ஒற்றைக் கட்டத்தில் ரோமானியம் என்றோ நார்ஸ் என்றோ ஒரு சொல்லை மட்டும் எழுதிச் சென்றவர் ஆண்டைக் கருதினாரா, கட்டடப் பாணியைக் கருதினாரா, அங்கு வாழ்ந்தவரைக் கருதினாரா என்பதைக் கணினி கண்டறிய முடியாது, தோண்டியவரின் குறிப்பேட்டையும் எடுத்த பொருளையும் மீண்டும் பார்த்து, ஒவ்வொன்றாகத்தான் திருத்தியாகவேண்டும்.